எப்பவும் போல சாப்பிடுங்க

நல்லாத்தான் துடிச்சுக்கிட்டு இருக்கு, வெக்கங்கெட்ட நெஞ்சு. நேத்து சாயங்காலம் மிஷினை மாட்டிவிட்டதுல இருந்து ஒரு துடிப்பு தப்பணுமே, ஒரு தவ்வு தவ்வணுமே, ம்ஹூம். பிரேயர்ல நிக்கிற பிள்ளைக மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் போனப்புறம்தான் பாக்கணும் அதுக ஆட்டத்தை. நான் கட்டில்ல மல்லாந்து கெடக்கேன். மேல ஃபேன் சுத்துது. நெஞ்சுல அங்கங்க வட்டமா ஒட்டி, வயரை இழுத்து, இடுப்புல ஒரு சின்னப் பெட்டியைத் தொங்கவிட்டிருக்காக. அதுக்கு சத்தமும் கிடையாது, பேச்சும் கிடையாது, கேட்டுக்கிட்டே கெடக்கு. ஒரு நாள் பூரா என் நெஞ்சு என்னென்ன செய்யுதோ அம்புட்டையும் கேட்டு வச்சுக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போயி கோள் சொல்லும். கோள் சொல்ல என்ன கெடைச்சிருக்கும் அதுக்கு? ராத்திரி கஞ்சி. காலையில இட்லி, சட்னி கிடையாது, பொடி கிடையாது, ஒரு தம்ளர் மோரு. இப்ப மத்தியானத்துக்கும் கஞ்சிதான்னு அடுப்படியில இருந்து வாசமே வராததுல இருந்து தெரியுது. ஞாயித்துக்கெழமை அதுவுமா தெருவே கறி வதக்கிக்கிட்டு இருக்கு, பட்டையும் சோம்பும் சன்னல் வழியா வந்து கட்டில்கிட்ட நிக்குது, எங்க வீட்ல மட்டும் கஞ்சி. இந்தக் கஞ்சியைக் குடிச்சா யாருக்குத்தான் நெஞ்சு துள்ளும்? துள்ளுறதுக்கு அதுக்கு என்ன தெம்பு இருக்கு? வயிறு என்னமோ லேசாத்தான் இருக்கு, அதுல குத்தம் சொல்ல முடியாது. ஒரு ஏப்பம்கூட இல்ல. எனக்கு என் வயிறுன்னே தோணல, யாரோ வெளியூருக்குப் போன வீடு மாதிரி அமைதியா கெடக்கு. இப்படியே இருந்துட்டா எம்புட்டு நல்லா இருக்கும்னும் தோணுது, இப்படியே இருந்தா மிஷினை எதுக்கு மாட்டுனோம்னும் தோணுது. இதுல எது என் நெனப்புன்னு எனக்கே பிடிபடல.

எப்பவும் போல சாப்பிடுங்க ஆன்ட்டி, எப்பவும் போல இருங்கன்னுதான அந்தப் பிள்ளை சொல்லிச்சு. டாக்டர் ஜெசிந்தா, என் மக வயசுதான் இருக்கும், தலையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, பேனாவைக் காதுல சொருகிக்கிட்டு. ஒரு தாள்ல படம் போட்டுக் காமிச்சுச்சு. கீழ வயிறு, மேல நெஞ்சு, நடுவுல மெல்லிசா ஒரு சதைத் தட்டு. வயிறு காத்துல உப்புனா அந்தத் தட்டைத் தூக்கும், தட்டு மேல இருக்கிற நெஞ்சை இடிக்கும். மாடியில குடியிருக்கவன் கீழ்வீட்டுக்காரன் போடுற ஆட்டத்துக்கு முழிச்சுக்கிட்ட மாதிரின்னு நான் சொன்னேன், அது சிரிச்சுச்சு. அது போக தலையில இருந்து எறங்குற ஒரே நரம்புதான் ரெண்டுக்கும் போகுதாம், வயித்துல ஒரு இடைஞ்சல்னா நரம்பு நெஞ்சையும் சேத்து உசுப்பிவிடுமாம். அப்படின்னா வாயுதான, இதுக்கு எதுக்கு மிஷினுன்னு கேட்டேன். வாயுவாவும் இருக்கலாம். வாயு மட்டும்தானான்னு எனக்குத் தெரியணும்னு சொல்லிச்சு. நெஞ்சுலயே ஒரு கோளாறு ஒளிஞ்சுக்கிட்டு இருந்து, வயிறு போயி அதைத் தொட்டு எழுப்பிவிடுதோ என்னமோ, அதை அது தப்பித் துடிக்கிற நேரத்துல பிடிச்சாத்தான் பாக்க முடியும். நானும் எத்தனை தடவை ஓடியிருக்கேன், ஈசிஜி எடுக்கப் படுத்தா நல்ல பிள்ளையா ஆயிரும், கோடு கோடா அழகா வரும். எப்படி சாப்பிடுவீங்கன்னு கேட்டுச்சு. வாயாலதான்னேன். அதுக்கும் சிரிச்சுச்சு. அப்புறம் சொன்னேன், முதல் டிரிப் அடிச்சு முடிச்சு, ஓட்டல்ல பூரிக்கெழங்கு பொட்டலம் வாங்கி, வண்டி சீட்டுலயே ஸ்டியரிங்குக்கு மேல குனிஞ்சு, அவுக் அவுக்குன்னு முழுங்கிட்டு அடுத்த டிரிப்புக்கு எடுத்துருவேன்னு. அந்தப் பிள்ளை சிரிப்பை நிறுத்திட்டு என்னையவே பாத்துச்சு. வண்டியில பிள்ளைக இருக்குமான்னு கேட்டுச்சு. ஸ்கூல் வேன்ல பிள்ளைக இல்லாம வேற என்ன, உப்பு மூட்டையா இருக்கும்? மனசுக்குள்ளதான் சொன்னேன், வெளிய தலையை மட்டும் ஆட்டுனேன். ஜூன் மாசம் ஸ்கூல் தெறக்கும்போது டிரைவர் உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடுக்கணும், வருசா வருசம் குடுக்கிறதுதான். அதை இந்த வருசம் மிஷினைப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்னுட்டுச்சு. அது கோவமா சொல்லல, எனக்குத்தான் காது சுட்டுச்சு.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் இவுகளுக்கு, என் வீட்டுக்காரருக்கு, அது பரீட்சையா தெரிஞ்சிருச்சு. பாஸ் பண்ணணும், அம்புட்டுதான். இருந்து இருந்து இதுக்கு யோசனை கேக்க யார்கிட்ட போகணும், எதுத்த வீட்டு குருவம்மா மதினிகிட்ட போனாக. எங்க தெருவுல டெஸ்ட்டுல பாஸ் ஆகுறதுக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சுகர் டெஸ்ட்டுக்கு நாள் குறிச்ச உடனே சீனியை நிறுத்துவா, சோத்தை நிறுத்துவா, கேப்பைக் கஞ்சியும் பாவக்காயுமா நாலஞ்சு நாள் ஓட்டுவா, விடியங்காட்டி கம்மாய்க்கரையைச் சுத்திச் சுத்தி நடப்பா. ரத்தம் குடுத்துட்டு வெளிய வந்த கையோட மிட்டாய்க்கடைக்குப் போயி அல்வா வாங்கித் தின்னுட்டுத்தான் வீட்டுக்கே வருவா. ரிப்போர்ட்டு எப்பவும் நார்மல். நார்மல் நார்மல்னு தெருப்பூரா காமிப்பா. போன வருசம் கால்ல ஒரு புண்ணு வந்து ஆறாம, பெரிய ஆஸ்பத்திரியில பெருவிரலை எடுத்துட்டாக. ரிப்போர்ட்டு நார்மல்தான், விரல்தான் இல்ல. அவ சொன்ன யோசனைப்படிதான் இப்ப என் சாப்பாடு நடக்கு. மிஷினு மாட்டுன அன்னைக்கு வயித்துக்கு வேலையே குடுக்காதீக அண்ணே, கஞ்சியா ஊத்துங்க, படுக்கப் போட்டுருங்க, படியேற விடாதீகன்னு சொல்லியிருக்கா. திருப்பூர்ல இருந்து என் மக சுபா ஃபோன் போட்டு அதையேதான் சொல்லுதா, அம்மா கிழங்கு தொடாத, பயறு தொடாத, டென்சன் ஆகாத, நல்ல ரிப்போர்ட்டா வரணும்மா. நல்ல ரிப்போர்ட்டு. யாருக்கு நல்ல ரிப்போர்ட்டுன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. நானும் ஒண்ணும் பெரிய யோக்கியம் இல்ல. நேத்து கஞ்சியை நீட்டும்போது வாங்கித்தான குடிச்சேன். எனக்கும் பாஸ் ஆகணும். எனக்கும் ஜூன் மாசம் அந்தத் தாளைக் கொண்டுபோயி ஸ்கூல் ஆபீஸ்ல நிமிந்து நின்னு குடுக்கணும்.

பூரின்னதும் வாயில எச்சி ஊறுது, கூடவே ரயில்வே கேட்டும் வருது. வரட்டும். அதை எம்புட்டு நாளைக்குத் தள்ளித் தள்ளி வைக்க. அன்னைக்கு கேட்டு அடைச்சிருந்துச்சு. கூட்ஸ் வண்டி, அதுபாட்டுக்கு முடிவில்லாம போகுது, தடக் தடக்னு. பின்னாடி பிள்ளைக வாய்ப்பாடு சொல்லுதுக, பரீட்சை நேரம்லா, ஒண்ணு சொல்ல மத்ததெல்லாம் பின்னாடியே பாடுது. பூரி தின்னு முடிச்சு கொஞ்ச நேரம்தான் இருக்கும், மேல்வயிறு கல்லு மாதிரி நிக்குது, ஏப்பம் வருவேனாங்குது. அப்பதான் நெஞ்சு முதல்ல ஒரு தவ்வு தவ்வுச்சு. கியர் போட்டு கிளச்சை விடும்போது சில நேரம் கியர் விழாம வண்டி சும்மா உறுமிக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி. உள்ள ஓடுது, ஆனா ஓட்டம் போய்ச் சேர வேண்டிய எடத்துக்குச் சேரல. அப்புறம் விட்டு விட்டு, ஒண்ணு அடிச்சு ஒண்ணு விட்டு, பிறகு கடகடன்னு சேத்து அடிச்சு, பிறகு ஒண்ணுமே இல்லாம ஒரு நேரம். அந்த ஒண்ணுமே இல்லாத நேரத்துலதான் பிள்ளைக சத்தம் கெணத்துக்குள்ள போயிருச்சு. ஏழேழு நாப்பத்தொம்பதுன்னு சொல்லுதுக, எங்கேயோ ஆழத்துல இருந்து கேக்கு. கண்ணோட ஓரம் பூரா கருப்பாகி, கேட்டும் கூட்ஸும் மட்டும் நடுவுல சின்னதா வட்டமா தெரியுது. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தேன், கை இருக்கிறது தெரியுது, என் கைதானான்னு தெரியல. பயம்னுகூட சொல்ல முடியாது, பயப்படவும் நேரம் இல்ல. அப்புறம் ஒரு பெரிய ஏப்பம், வேன் பூரா கேட்டிருக்கும், பின்னாடி அதுக சிரிச்சுச்சுக, வேன் அத்தை ஏப்பம் விட்டுட்டாகன்னு ஒண்ணு கத்துச்சு. சிரிப்பு பக்கத்துல கேட்டுச்சு, கெணத்துல இல்ல. நெஞ்சு பழைய ஓட்டத்துக்கு வந்துட்டு. கேட்டைத் தூக்கிட்டாக, பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கான், முதல் கியரைப் போட்டு நகந்துட்டேன். அம்புட்டுதான் நடந்தது. ஒண்ணுமே நடக்கல. கேட்டு அடைச்சிருந்துச்சு, வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணுமே நடக்கல.

கேட்டு தெறந்திருந்தா? இந்த எடத்துக்கு வந்ததும் மனசு முட்டிக்கிட்டு நின்னுருது, திரும்பவும் பூரியில இருந்து ஆரம்பிக்குது. தெறந்திருந்தா நான் தண்டவாளத்துக்கு நடுவுல இருந்திருப்பேன். இல்ல, தாண்டியிருப்பேன். இல்ல, தாண்டி அந்த எறக்கத்துல, பஸ்ஸு எதுத்தாப்புல வர்ற எறக்கத்துல. சரி, ஏப்பம் சீக்கிரம் வந்திருக்கும். வந்திருக்காட்டா? சாயங்காலம் வந்து இவுககிட்ட அப்படியே சொன்னேன், ஒண்ணும் மறைக்கல. தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வந்து கை கழுவிக்கிட்டு இருந்தாக, தீக்குச்சியை மருந்துல முக்குற எடத்துல வேலை, எம்புட்டுத் தேச்சாலும் விரலிடுக்குல அந்த வாசம் போகாது. முழுசாக் கேட்டாக. கேட்டு முடிச்சுட்டு, ஏப்பம் விட்டா சரியாப் போற நோவுக்குப் பேரு நோவான்னு சொல்லி ஓமத்தண்ணி போட்டுக் குடுத்தாக. நானும் சரிதான்னு வாங்கிக் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, தொண்டை எரிய எறங்குனா நோவு ஓடிப்போனதாத்தான இருக்கும். ஆனா அன்னைக்கு இவுக தட்டுல சோறு அப்படியே கெடந்துச்சு. பசிக்கலன்னாக. காலையில நான் வண்டிக்குக் கெளம்பும்போது வாசல்ல வந்து நின்னாக, இத்தனை வருசத்துல நின்னது கிடையாது. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல காத்துக்கு நிக்கேன்னு சொன்னாக. காத்து எங்க அடிச்சுச்சு அன்னைக்கு.

இந்த வேனை எடுத்தபோது இதே தெருதான் சிரிச்சுச்சு. பொம்பளை ஓட்டுற வண்டியில பிள்ளையை ஏத்துவாகளாக்கும்னு கேட்டாக. இப்ப என் வண்டியில எடம் கெடைக்காதான்னு பிள்ளை பெறந்த உடனே வந்து சொல்லி வைக்காக. எனக்குன்னு ஒரு மிதப்பு உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த சீட்டுல ஏறி உக்காந்து கண்ணாடியைத் திருப்பி வச்சா நான் யாருக்கும் பொண்டாட்டியும் கிடையாது, ஆத்தாளும் கிடையாது. சந்துல வளைச்சு ஒடிச்சு ரிவர்ஸ் எடுக்கும்போது டீக்கடையில நிக்கிற ஆம்பளைக வாயை மூடிக்கிட்டுப் பாப்பாக. பாக்கட்டும். முன்சீட்டுக்கு அதுக போடுற சண்டை, வாந்தி எடுக்கிற ஒண்ணு, டிபன் டப்பாவைத் தெறந்து வச்சுக்கிட்டு எனக்கு ஊட்டிவிட வர்ற ஒண்ணு, தூங்கிச் சாயுற ஒண்ணு. எறக்கிவிடும்போது கையைப் பிடிச்சு வீட்டு வாசப்படியில ஏத்திட்டுத்தான் வண்டியை எடுப்பேன், தாயி ஒருத்தி வெளிய வந்து தலையை ஆட்டணும், அதுக்கப்புறம்தான். ஒரு நாள்கூட மாறுனது கிடையாது. இதை விட்டுட்டு நான் வீட்ல உக்காந்து என்ன செய்ய? சீரியல் பாக்கவா? குருவம்மா மதினிகூட உக்காந்து பூண்டு உரிக்கவா? நெனைச்சாலே மேல்வயிறு கனக்குது. பாருங்க, இப்பத்தான் கனக்குது, கஞ்சிக்குக் கனக்காதது. கொஞ்சம் துள்ளேன், செல்லம். மிஷினு கேட்டுக்கிட்டு இருக்கு. துள்ள மாட்டேங்குது. துள்ளவே செய்யாதேன்னும் உள்ள ஒருத்தி கும்பிட்டுக்கிட்டு இருக்கா.

இவுக கஞ்சிச் சட்டியோட வாராக. தம்ளர்ல ஊத்தி ஆத்தி, ஸ்பூன் போட்டு, தலைமாட்டுல ஸ்டூலை இழுத்துப் போட்டு வைக்காக. தனக்கும் அதையேதான் ஊத்தியிருக்காக, நேத்துல இருந்து அவுகளும் கஞ்சிதான், பொண்டாட்டிக்குத் துணையா பட்டினி கெடக்க மனுசன். முகத்துல அப்படி ஒரு சந்தோசம். இன்னும் சாயங்காலம் வரைக்கும்தான், தாண்டிருவோம்னு சொல்லுதாக. தாண்டிருவோம்கிறாக. நான் ஸ்பூனை வச்சு கலக்குறேன். வெள்ளையா சுத்துது, நடுவுல குழி விழுது, நிக்குது. கலக்குறேன், சுத்துது, நிக்குது. இதைக் குடிச்சா நெஞ்சு நல்லா இருக்கும். நெஞ்சு நல்லா இருந்தா தாள்ல நல்லா இருக்குன்னு வரும். நல்லா இருக்குன்னு வந்தா அந்த டாக்டர் பிள்ளை நம்பி கையெழுத்துப் போடும், என்னைய நம்பி இல்ல, மிஷினை நம்பி. நாளைக்குக் காலையில நான் வண்டி எடுப்பேன். முதல் டிரிப் முடிஞ்சதும் பசிக்கும். கஞ்சியா குடிக்கப் போறேன் அங்க? பூரிதான். அதுக்கப்புறம் கேட்டு. ஒரு நாளைக்கு அடைச்சிருக்கும், ஒரு நாளைக்குத் தெறந்திருக்கும். இதுல கஷ்டமான கணக்கு ஒண்ணுமே இல்ல, அந்தப் பிள்ளைக வாய்ப்பாட்டைவிட லேசு. இதை நெனைக்கக்கூடாதுன்னுதான் நேத்துல இருந்து கண்ணை மூடிக்கிட்டு ஃபேனுக்குக் கீழ கெடந்திருக்கேன் போல. குருவம்மா மதினியை நான் என்ன கேலி பண்ண. அவளுக்கு அவ விரலோட போச்சு. எனக்கு அப்படியா?

ஸ்பூனை வச்சுட்டேன். எந்திரிச்சு உக்காந்தேன், வயரு இழுக்குது, பெட்டியை மடியில எடுத்து வச்சுக்கிட்டேன். இவுக என்னன்னு பாக்காக.

"நாளைக்கு ரிப்போர்ட்டு நல்லா வந்துட்டா என்னங்க செய்வீக?"

"என்ன செய்ய. நிம்மதியா இருப்பேன்."

"நான் வண்டி எடுத்துட்டுப் போவேன். அப்பவும் நிம்மதியா இருப்பீகளா?"

அவுக கையில இருக்கிற தம்ளரையே பாக்காக. வெளிய யாரு வீட்டுக் குக்கரோ விசில் அடிக்குது, ஒண்ணு, இன்னொண்ணு. நான் கோவப்படல, எனக்கே ஆச்சரியமா இருக்கு, சும்மாவே கோவக்காரிதான் நான், ஆனா அந்த மனுசன் தலையைக் குனிஞ்சு நிக்கிறதைப் பாத்தா கோவம் வர மாட்டேங்குது. நான் அடுப்படிக்குப் போயி உருளைக்கெழங்கைக் கழுவி குக்கர்ல போட்டேன். கோதுமை மாவை எடுத்துக் கொட்டுனேன். பெட்டியை சேலைக் கொசுவத்துல சொருகிக்கிட்டு, ஒரு கையால தண்ணி ஊத்தி ஒரு கையால பிசையுறேன். பின்னாடியே வந்து நின்னாக. வேண்டாம் செண்பகம்னாக. மெதுவாத்தான் சொன்னாக, என்னைய முழுப்பேரு சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாச்சு. வேண்டாம்னு திருப்பியும் சொல்லிட்டு, என் கையில இருந்து மாவை வாங்கிக்கிட்டாக. நீ ஒட்டுனதை ஈரமாக்கிறாத, கழண்டுறப் போகுது, தள்ளுன்னாக. அவுகளே பிசைஞ்சாக. அவுகளே வெங்காயம் அரிஞ்சாக, தடி தடியா. தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்குற கை, நறுவிசாத்தான் வேலை செய்யும், இன்னைக்கு என்னமோ தடுமாறுது. கண்ணைத் தொடைச்சுக்கிட்டாக. வெங்காயம்தான்னு நெனைச்சுக்கிட்டேன், நான் அப்படித்தான் நெனைச்சுக்கணும்னு அவுகளும் இருப்பாக.

அதுக்குள்ள நான் அந்தோணிக்கு ஃபோனைப் போட்டேன். லோடு ஆட்டோ ஓட்டுறவன், முன்னாடி ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கான், எனக்கு அவசரம்னா வந்து எடுப்பான். நாளையில இருந்து நீ எடு, எத்தனை நாளைக்குன்னு இப்ப கேக்காதன்னேன். என்னக்கா ஊருக்குப் போறீகளான்னான். ஆமா, உள்ளூருதான்னு சொல்லி வச்சுட்டேன். வச்சப்புறம் அழுகை வந்துட்டு. இதுக்கு நெஞ்சு துடிச்சா அதையும் மிஷினு எழுதிக்கிடும்ல, அழுகைக்குத் துடிக்கிறதும் வாயுவுக்குத் துடிக்கிறதும் அதுக்கு வித்தியாசம் தெரியுமோ என்னமோ. டாக்டர் பிள்ளைக்குத் தெரியும். அது படிச்சிருக்கு.

வேன் வீட்டு மதிலை ஒட்டித்தான் நிக்குது. ஓட்டப் போறது இல்ல, சாவி ஆணியில தொங்குது, வெயில்ல காய்ஞ்ச சீட்டுல ஏறி உக்காந்துட்டேன், அம்புட்டுதான். எப்பவும் போல இருங்கன்னு சொன்னா எப்பவும் போலத்தான இருக்கணும். கட்டில்ல காலை நீட்டி பொறுமையா மென்னு தின்னா அது நான் தின்னதாகுமா? இவுக தட்டை ஏந்திக்கிட்டு வந்து சன்னல் வழியா நீட்டுனாக. பூரி உப்பியிருக்கு, கெழங்குல பச்சை மிளகா, கடலைப்பருப்பு, எண்ணெய் ஓரமா நிக்குது. ஸ்டியரிங்குக்கு மேல குனிஞ்சு, பிச்சு, மடிச்சு, முழுங்கு. நேத்துல இருந்து காஞ்ச நாக்கு, முதல் வாய்க்கு கண்ணுல தண்ணி வந்துட்டு, உறைப்புக்கா ருசிக்கான்னு தெரியல. நல்லா இருக்கு. கடவுளே, எம்புட்டு நல்லா இருக்கு. அவுக் அவுக்குன்னு முழுங்குறேன், காத்தும் சேந்து எறங்குறது இப்பத்தான் எனக்கே தெரியுது, இத்தனை வருசம் தின்னு ஒரு நாளும் கவனிச்சது இல்ல. தெருவுல போற ஒண்ணு ரெண்டு பேரு பாக்காக, ஞாயித்துக்கெழமை வேன்ல உக்காந்து பூரி திங்கிறாளே, புருசன் வெளிய நின்னு பாக்கானே, என்ன சண்டையோன்னு நெனைப்பாக. குருவம்மா மதினி அவ வீட்டு நடையில நின்னு வாயில கையை வச்சுக்கிட்டுப் பாக்கா. இன்னொரு பூரி. தண்ணி. மேல்வயிறு மெல்ல மெல்ல எறுகுது, விலாவுக்குக் கீழ ஒரு பந்து உருண்டு ஏறுது. வா. வா தாயி. கையை எடுத்து ஸ்டியரிங்கு மேல வச்சுக்கிட்டு ரோட்டைப் பாக்கேன், முன்னாடி ரோடு காலியா கெடக்கு, ஒரு நாய் குறுக்க போயி படுக்குது. ஒண்ணும் வரல. ஒரு நிமிசம் ஆசை வந்துட்டு, வெறும் வாயுதானோ, அதுவும் ஓடிப்போச்சோ, நாளைக்கே அந்தோணியை வேண்டாம்னு சொல்லிரலாமோ. அப்பத்தான் தவ்வுச்சு.

ஒண்ணு. அப்புறம் ஒண்ணு விட்டு. அப்புறம் கடகடன்னு. பயம் வந்துச்சுதான், இல்லன்னு யாரு சொன்னா, உள்ளங்கை ரெண்டும் சில்லுன்னு ஆயிட்டு. ஆனா கேட்டுல வந்த பயம் வேற, இது வேற. அங்க நானும் அதும் தனியா இருந்தோம், பின்னாடி பிள்ளைக. இப்ப பின்னாடி யாரும் இல்ல, வண்டி நிக்குது, பெட்டி மடியில இருந்து கேட்டுக்கிட்டு இருக்கு. கேளு, நல்லாக் கேட்டுக்கோ, ஒண்ணு விடாம சொல்லு அந்தப் பிள்ளைகிட்ட. எனக்கு அழுகை வருது, சிரிப்பு மாதிரியும் இருக்கு. இவுக சன்னல்ல என் முகத்தைப் பாத்தே கண்டுக்கிட்டாக.

"வந்துட்டா?"

"வந்துட்டுங்க."

கதவைத் தெறந்து ஏறி வந்தாக. என் பக்கத்துல வருவாகன்னு பாத்தேன், எனக்குப் பின்னாடி, பிள்ளைக உக்காருற சீட்டுல போயி உக்காந்தாக, முட்டி இடிக்க, உடம்பைக் குறுக்கிக்கிட்டு. இந்த வண்டி வாங்கி இத்தனை வருசத்துல அங்க அவுக உக்காந்ததே கிடையாது. நெஞ்சு ஒண்ணு அடிச்சு ஒண்ணு விட்டுக்கிட்டு இருக்கு, நான் மூச்சை மெல்ல விடுறேன், ஏப்பம் வருவேனாங்குது. முதுகுல அவுக கை வந்து உக்காந்துச்சு.

"தெரியாம இருந்துட்டா அது இல்லாமயே போயிரும்னு நெனைச்சுட்டேன்," அப்படின்னாக. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "இங்க உக்காந்து பாத்தா உன் முதுகு மட்டும்தான் தெரியுது. முன்னால ரோடே தெரியல."

"ஆமாங்க. அதுகளுக்கும் அது மட்டும்தான் தெரியும்."

கை முதுகுலயே இருந்துச்சு. ஏப்பம் வந்துச்சு, சின்னதா. துடிப்பு கொஞ்சம் ஒழுங்காச்சு, திரும்பவும் ஒண்ணு தப்புச்சு, ஒழுங்காச்சு. ஒரு தடவை வந்ததை வச்சு என்ன சொல்லுவாகளோ, தற்செயல்னு தள்ளிட்டாகன்னா. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு. நான் ஒண்ணும் கேக்கல. பின்னாடி சீட்டு கிறீச்சுன்னு சத்தம் போடுது, அவுக எந்திரிக்காக, எறங்கி வீட்டுக்குள்ள போறாக. கொஞ்ச நேரத்துல எண்ணெய்ல மாவு விழுற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. சூடா தட்டோட வந்து, திரும்பவும் அதே பின்சீட்டுல ஏறி உக்காந்து, என் தோளுக்கு மேல கையை நீட்டி ஒரு பூரியை எடுத்து என் தட்டுல வச்சாக.

"போதுமா, இன்னொண்ணு வைக்கட்டுமா?"

"வைங்க," அப்படின்னேன்.